நிறுத்தி வைத்த கருத்துகளுக்கும் பதில் எழுதியவர்களுக்கு

அன்புள்ள எழுத்தாளர்களுக்கும் வாசகர்களுக்கும், என்னோடு இத்தனை காலம் உழைத்த தோழமைகளுக்கும் வணக்கம்.

நம் தொடர்கதைக் குழுமத்தில் வாசகர் கருத்துகளைப் பார்வையிடும் பொறுப்பை ஆறு ஆண்டுகளுக்கு முன் ஏற்றுக்கொண்டேன். இந்த மாத இறுதியோடு அதிலிருந்து விடைபெறுகிறேன். அந்த வேலையை என்னோடு சேர்ந்து சுமந்தவர்களுக்கும், அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்குக் கற்பித்தவர்களுக்கும் எல்லோரும் அறிய நன்றி சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். அவர்களில் பலர் புனைபெயரில்கூட வெளியே தெரிய விரும்பாதவர்கள். ஆகையால் எவர் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. படிக்கும்போது அவரவர் தம்மை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

கதை எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் நம்மிடையே அநேகமாக இல்லை. அடுப்படி வேலையை முடித்து, பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகோ, அலுவலகம் போகும் பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்த அரைமணி நேரத்திலோ, கைப்பேசியில் ஓர் அத்தியாயத்தைத் தட்டெழுதி, ‘யூடி (புதிய பகுதி) போட்டாச்சு’ என்று அறிவித்துவிட்டு, முதல் கருத்து வரும்வரை நெஞ்சு படபடக்கக் காத்திருப்பவர்கள்தாம் நம் எழுத்தாளர்கள். அவர்களுக்குச் சன்மானம் கிடையாது. பிழை திருத்தித் தர ஆசிரியர் குழு கிடையாது. வாசகர் எழுதும் நான்கு வரிதான் அவர்களுக்குக் கிடைக்கும் கூலி. அந்த நான்கு வரியில் எதை அனுமதிப்பது, எதை நிறுத்துவது என்று முடிவு செய்யும் இடத்தில் உட்காருகிறவருக்கு எவ்வளவு நிதானம் வேண்டும் என்பது முதல் ஆண்டில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்த ஆண்டில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காவிரிப் படுகையைக் களமாகக் கொண்டு ஒரு தங்கை எழுதிவந்த தொடரில், பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு கதாநாயகியின் வீட்டு வயலில் குறுவை அறுவடை நடப்பதாக ஓர் அத்தியாயம் வந்தது. திருவாரூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், ‘பொங்கல் நேரத்தில் குறுவை அறுக்கிறவள் வயலைக் கண்ணால் பார்த்தவளே இல்லை. தெரியாததை எழுதி ஏன் எங்கள் உயிரை வாங்குகிறாய்?’ என்று எழுதினார். புதிதாக எழுத வந்த பெண்ணை ஒருமையில் ஏசுகிறாரே என்று கொதித்து, நான் அதை நீக்கினேன். காரணம் சொல்லவில்லை. அவர் மறுபடி எழுதினார், மறுபடி நீக்கினேன். மூன்றாம் முறை அவர் உள்ளே வரவே முடியாதபடி கணக்கை முடக்கிவிட்டேன்.

அன்று என்னோடு முறைப்பணியில் இருந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர். நாங்கள் எல்லோரும் அவரை அம்மா என்றே அழைப்போம். அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அவர் சொன்னது சரியா தவறா என்று பார்த்தீர்களா?” நான் பார்க்கவில்லை. பார்த்தபோதுதான் விளங்கியது. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம்; அந்தத் தண்ணீரை நம்பி நடுகிற குறுகிய காலப் பயிரான குறுவை, புரட்டாசி, ஐப்பசியிலேயே அறுவடையாகிவிடும். பொங்கலை ஒட்டிக் கதிர் முற்றி நிற்பது சம்பா. பெரியவரின் சொல்லில் சூடு இருந்ததே ஒழியப் பொருளில் பிழை இல்லை.

அம்மா அவருக்கு எழுதிய கடிதத்தை இன்றும் வைத்திருக்கிறேன். ‘ஐயா, தாங்கள் சுட்டிய பிழை உண்மையானது, அது எழுத்தாளருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று விரும்புகிறோம். அந்தப் பெண்ணைப் பற்றிய வரிகளை மட்டும் மாற்றித் தந்தால் இன்றே வெளியிடுவோம். காரணம் சொல்லாமல் நீக்கியது எங்கள் தவறு’ என்று எழுதியிருந்தார். அன்று இரவே பதில் வந்தது: ‘குறுவை ஐப்பசிக்குள் வீடு வந்து சேர்ந்துவிடும், மகளே. பொங்கலுக்கு அறுப்பது சம்பா. அந்த ஒரு சொல்லை மாற்றினால் அத்தியாயம் நேராகிவிடும்.’ எழுத்தாளர் மாற்றினார். அதோடு நில்லாமல், நாற்றங்கால், நடவு, களத்துமேடு என்று வயல் வரும் அத்தியாயங்களை எல்லாம் அந்த ஐயாவிடம் முன்கூட்டியே காட்டி வாங்கிக்கொண்டார். அந்தத் தொடரின் கடைசி அத்தியாயத்துக்கு வந்த முதல் கருத்து ஐயாவுடையதுதான். ஐயா, அன்று உங்களுக்குச் செய்ததற்கு மீண்டும் ஒருமுறை மன்னிப்புக் கேட்கிறேன். என்னை மன்னித்ததோடு அமையாமல், குழுமத்தை விட்டுப் போகாமல் இருந்தீர்களே, அதற்கு என் முதல் நன்றி.

அன்றுமுதல் காரணம் எழுதாமல் எந்தக் கருத்தையும் நிறுத்துவதில்லை என்று முடிவு செய்தோம். சொல்வது எளிது. ஒரு விறுவிறுப்பான அத்தியாயம் வெளியான இரவில், ‘சூப்பர் சிஸ்’, ‘நைஸ் எபி’ என்று அடுக்கடுக்காக வரும் கருத்துகளுக்கு நடுவே ஏழெட்டுக் கடுஞ்சொற்களும் வரும். அவற்றை எழுதிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கடிதம் எழுதுவது எவ்வளவு பெரிய பாரம் என்பது எழுதியவர்களுக்குத்தான் தெரியும். ‘உங்கள் கருத்து விதிமீறல் காரணமாக நீக்கப்பட்டது’ என்ற வாக்கியத்தை எங்கள் கடிதங்களிலிருந்தே அம்மா எடுத்துவிட்டார். எந்த வரி, யாரை, எப்படிப் புண்படுத்துகிறது என்று அந்த வரியையே எடுத்துக்காட்டி எழுதச் சொன்னார். அப்படிக் கடிதம் பெற்றவர்களில் கணிசமானோர் வரியைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்ததைக் கண்ணால் கண்டவன் நான். அம்மா, கண்புரை அறுவைக்குப் பிறகு ஒரு மாதம் திரையைப் பார்க்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னபோதும், பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் கடிதங்களைச் சொல்லி எழுதவைத்தீர்கள். எந்த நன்றியும் அதற்கு ஈடாகாது.

கோயம்புத்தூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் தம்பிக்கு அடுத்த நன்றி. வசைச்சொற்களை இயந்திரமே தடுத்துவிடட்டும் என்று ஒரு பட்டியல் தயாரித்து அவரிடம் கொடுத்திருந்தோம். தமிழில் ஒரு சொல்லோடு உருபுகளும் விகுதிகளும் ஒட்டிக்கொண்டே போகும் என்பதால், எல்லா வடிவங்களையும் பிடிப்பதற்காகச் சொல்லின் அடிப்பகுதியை மட்டும் பட்டியலில் வைத்தோம். அதன் விளைவு, ‘படித்து முடித்ததும் மயிர்க்கூச்செறிந்தது’ என்று மனமாரப் பாராட்டிய வாசகியின் கருத்து தடுக்கப்பட்டது. மானத்துக்காக உயிர்விடும் ஒரு பாத்திரத்தைப் பற்றி எழுதும்போது ‘மயிர்நீப்பின் வாழாக் கவரிமா’ என்று தொடங்கும் 969ஆம் குறளை எடுத்தாண்ட இன்னொருவரின் கருத்தும் தடுக்கப்பட்டது. வள்ளுவரையே வாசலில் நிறுத்திவிட்டோமே என்று அன்று மிகவும் வருந்தினோம்.

மறுபக்கம், உண்மையான வசைகளோ சல்லடைக்குள் சிக்காமல் நழுவின. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் ஒரே உயிர்க்குறியைக் கொண்டும் பதியலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகக் கொண்டும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று; இயந்திரத்துக்கு வேறு வேறு. எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைப்பவர்களும், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி ஒரே சொல்லை ஏழெட்டு விதமாகப் பதிபவர்களும் வேறு. தம்பி இரண்டு வார விடுமுறையைச் செலவழித்து, பதிவுகளை எல்லாம் முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து பிறகு சல்லடையில் இடும்படி மாற்றினார். அதைவிட முக்கியமாக, இயந்திரம் எதையும் தானாக நீக்கக் கூடாது, சந்தேகப்பட்டதை எடுத்து மனிதர் முன் வைக்க மட்டும் வேண்டும் என்று உறுதியாக நின்றார். அவசரத்தில் நாங்கள் இரண்டு மூன்று முறை வற்புறுத்தியும் அவர் இணங்கவில்லை. அவர் இணங்காதது எவ்வளவு நல்லதாயிற்று!

யாழ்ப்பாணத்திலிருந்து உதவிய அக்காவுக்கு நான் பட்டிருக்கும் கடன் வேறு வகையானது. ஈழத்துத் தமிழில் ஒரு தொடர் தொடங்கியபோது, நாற்காலியைக் கதிரை என்றும் சமையலறையைக் குசினி என்றும் எழுதியிருந்ததைத் தமிழ்நாட்டு வாசகர்கள் சிலர் பிழை என்று எண்ணி வரிசையாகத் திருத்தம் எழுதினார்கள். ‘இருவரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள்’ என்ற வாக்கியத்தின் கீழ், ‘யாருக்குக் கதை சொன்னார்கள்?’ என்றுகூட ஒருவர் கேட்டிருந்தார். எவரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் தன் வீட்டில் பேசும் மொழியைப் பிழை என்று இருபது பேர் சொல்லக் கேட்ட எழுத்தாளர் தொடரை நிறுத்திவிடுவதாக எழுதிவிட்டார். அக்கா எந்தக் கருத்தையும் நீக்க வேண்டாம் என்றார். கதிரையும் குசினியும் போர்த்துக்கீசியர் காலத்தில் தமிழுக்குள் வந்து தலைமுறைகளாகப் புழங்கும் சொற்கள் என்பதையும், கதைத்தல் என்றால் பேசுதல் என்பதையும் தெளிவாக எழுதி, ஒவ்வொரு திருத்தத்தின் கீழும் மரியாதையோடு பதிலாக இட்டார். பிறகு வாசகர்களே, ‘வடிவு என்றால் அழகுதானே, அக்கா?’ என்று ஆசையோடு கேட்டுக் கற்றுக்கொள்ளத் தொடங்கினார்கள். தொடரும் முடிவுவரை வந்தது.

இனிச் சொல்லப்போவது எழுதக் கசப்பானது. பெண்கள் காதல் காட்சி எழுதினால் அது அவர்கள் சொந்த வாழ்க்கைதான் என்று முடிவுகட்டிக் கேட்கக் கூசும் கேள்விகளைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கதையில் வரும் தாலியின் வடிவத்தையும் திருமணச் சடங்கையும் வைத்து எழுத்தாளரின் சாதியைக் கணக்குப்போட்டு, அதைக் கருத்தாகவும் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். இவ்விரண்டு வகையிலும் நாங்கள் திருத்தம் கேட்பதில்லை. காரணத்தை எழுதிவிட்டு நீக்கிவிடுவோம். ஒருமுறை, புனைபெயரில் எழுதிவந்த ஒரு சகோதரியின் உண்மைப் பெயரையும் பணியிடத்தையும் யாரோ கருத்துப் பகுதியில் போட்டுவிட்டார். அதைப் பதினெட்டே நிமிடத்தில் கண்டு அகற்றிய மதுரைத் தோழிக்கு, அந்தச் சகோதரியின் சார்பிலும் நன்றி கூறுகிறேன்.

அச்சமயம் எங்களுக்கு வழிகாட்டிய வழக்கறிஞர் அக்கா, கட்டணம் என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24ஆம் தேதி ஷ்ரேயா சிங்கல் வழக்கில் ரத்து செய்துவிட்டது என்பதையும், மனம் நோகிறது என்பதால் மட்டும் ஒரு சொல் குற்றமாகிவிடாது என்பதையும் பொறுமையாக விளக்கினார். அதே சட்டத்தின் கீழ் இணையத்தளங்களுக்கென 2021 பிப்ரவரியில் வெளிவந்த விதிகள், புகாரைப் பெற்றுக்கொண்டதாக 24 மணி நேரத்துக்குள் தெரிவித்து 15 நாள்களுக்குள் தீர்க்க வேண்டும் என்று கூறியதை எடுத்துக்காட்டி, நம் குழுமத்துக்கும் அதே ஒழுங்கை வகுத்துக் கொடுத்தார். எது மிரட்டல், எது வெறும் முரட்டுத்தனம் என்று பிரித்துப் பார்க்கும் தெளிவு எனக்கு அவரிடமிருந்து வந்தது.

நாம் உறங்கும் நேரத்தில் விழித்திருந்தவர்களை மறக்க முடியாது. கோடைக்காலத்தில் நமக்கு நள்ளிரவு 2 மணி என்றால் டொராண்டோவில் முந்தைய நாள் மாலை 4:30. அங்கிருந்த அண்ணன் அந்த நேரத்தை எடுத்துக்கொள்ள, நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடும் சிங்கப்பூரிலிருந்த தங்கை விடியற்காலையைப் பார்த்துக்கொண்டார். அப்படி ஓர் இரவில், துயரமான ஓர் அத்தியாயத்தின் கீழே, ‘இவளுக்கு வந்த முடிவுதான் எனக்கும் சரி’ என்று ஒரு வாசகி எழுதினார். அண்ணன் அந்த வரியை மறைத்துவிட்டு அடுத்த கருத்துக்குப் போய்விடவில்லை. அவருக்குத் தனியே எழுதி, அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416 எந்நேரமும் எடுக்கப்படும், தமிழிலும் பேசலாம் என்று சொல்லி, அவர் அழைத்துப் பேசிவிட்டதாகப் பதில் எழுதும்வரை மூன்று மணி நேரம் உடனிருந்தார். அந்த வாசகி இன்றும் நம்மோடு இருக்கிறார். அவருடைய அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன்.

நிறுத்தி வைத்த கருத்தைத் திருத்தி அனுப்பியவர்களுக்கும், எங்களோடு வாதாடி எங்கள் முடிவு தவறு என்று நிறுவியவர்களுக்கும், காயப்பட்டும் அடுத்த அத்தியாயத்தை எழுதிய எல்லா எழுத்தாளர்களுக்கும் என் நன்றி. ஒரு வரியும் எழுதாமல் படித்துக்கொண்டே இருக்கும் அமைதியான வாசகர்களுக்கும்தான். நீங்கள் இருப்பதை எண்ணிக்கையில் பார்த்து ஆறுதல் அடைந்த எழுத்தாளர்களை நான் அறிவேன்.

அடுத்த மாதம் முதல் என் இடத்துக்கு இருவர் வருகிறார்கள். ஒருவர் மதுரைத் தோழி. மற்றவர், குறுவை அத்தியாயத்தை எழுதிய அதே தங்கை. ஆறு ஆண்டுகளில் நாங்கள் எழுதிய கடிதங்கள் அனைத்தையும் ஒரே கோப்பாக்கி அவர்களிடம் ஒப்படைத்திருக்கிறேன். அதன் முதல் பக்கத்தில், திருவாரூர் ஐயாவுக்கு அம்மா எழுதிய கடிதம் இருக்கிறது.

மிகுந்த அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் கருத்துகளை இதுவரை வாசித்துவந்தவன்