யாருக்கு வரப்பிரசாதம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரோனா ஊரடங்குக்குப் பிறகு பள்ளிகள் திறந்ததையொட்டி கடந்த ஞாயிறு இணைப்பிதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி: "வீட்டிலிருந்தே படிக்கும் முறை மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு வரப்பிரசாதமாக அமைந்தது." பக்கத்திலேயே சக்கர நாற்காலியில் ஒரு சிறுமி, மடியில் கைப்பேசி, முகத்தில் சிரிப்பு.

எழுதியவர் அந்தப் படத்தையாவது உற்றுப் பார்த்திருக்கலாம். சிறுமியின் பாதங்கள் மிதிபலகையில் படாமல் தொங்குகின்றன. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையை இப்படி உட்காரவைத்து மடியில் கைப்பேசியைக் கொடுத்தால் தலை தொங்கும், முதுகு வளையும், சற்று நேரத்தில் கை இறுகிவிடும். பிறகு பாடமாவது ஒன்றாவது! இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணத்தில் இருக்க வேண்டும். பாதத்துக்கு அடியில் பலகை, இல்லாவிட்டால் செங்கல். மேசை முழங்கை உயரத்தில், கைப்பேசி கண்ணுக்கு நேரே. ஆன்லைன் வகுப்பு தொடங்குமுன் ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லியிருக்க வேண்டியது இது. வந்ததோ கூகுள் படிவத்தில் வருகைப் பதிவு.

2020 மார்ச்சில் பள்ளியை மூடினார்கள். ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தார்கள். பத்தொன்பது மாதத்தில் எலும்பு வளர்ந்துவிடும்; இறுக்கம் உள்ள தசை அந்த வேகத்துக்கு நீளாது. நிற்கவைத்தால் குதிகால் தரையில் படாது. மூடும்போது காலை நேராகப் பிடித்துவைக்க மாட்டியிருந்த ஸ்பிளிண்ட் இப்போது நுழையாது, நுழைத்தால் கணுக்காலில் புண். இது எந்த வரத்தில் சேர்த்தி?

காது கேளாத பிள்ளைகள் விஷயம் இன்னும் மோசம். காதுக் கருவியின் மோல்டு, அதாவது காதுக்குள் பொருந்தும் பகுதி, காதின் அளவுக்கே வார்த்தெடுப்பது. சின்னப் பிள்ளைகளுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் காதுக்கும் மோல்டுக்கும் நடுவே இடுக்கு விழும். வெளியே கசிந்த ஒலி திரும்பவும் மைக்கில் போய் 'கூய்' என்று கத்தும். வீட்டில் என்ன செய்வார்கள்? ஒலியைக் குறைப்பார்கள், அப்புறம் கருவியைக் கழற்றி அலமாரியில் வைப்பார்கள். காதுக்குள் மாவை அழுத்தி அளவெடுக்க, செவித்திறன் வல்லுநரான ஆடியாலஜிஸ்ட் நேரில் வேண்டும். ஜூமில் எடுக்க முடியாது. பேட்டரியும் அப்படித்தான். 13-ஆம் எண் அளவுக்கு மேலே ஆரஞ்சு ஒட்டி, 675-ஆம் எண் அளவுக்கு நீல ஒட்டி. ஒட்டியை உரித்ததும் காற்றுப் பட்டு வேலை தொடங்கிவிடும், கருவியில் போடாமல் வைத்திருந்தாலும் தீரும். தெரு மருந்துக்கடையில் கிடைக்காது. ஊரடங்கில் தீர்ந்தது தீர்ந்ததுதான்.

இதற்கு மேல் ஒரு அறிவுரை வேறு வந்தது, உங்கள் பத்திரிகையிலும் பெட்டிச் செய்தியாக: "நெட் மந்தமாக இருந்தால் வீடியோவை அணைத்துவிட்டு குரலை மட்டும் கேளுங்கள்." உதட்டையும் கையையும் பார்த்துப் படிக்கிற பிள்ளைக்கு! இப்போது பள்ளி திறந்துவிட்டதே என்பீர்கள். ஆசிரியர் வாயில் மாஸ்க். துணி முதலில் விழுங்குவது ச, ஸ, ஷ போன்ற கூர்மையான ஒலிகளை. கருவி போட்டும் கடைசியாகப் பிடிபடுகிறவை அவைதான். முன்புறம் கண்ணாடித் தாள் வைத்த மாஸ்க் இருக்கிறது, மூச்சில் மங்கிவிடும். உட்பக்கம் ஒரு சொட்டு சோப்பு நீரைத் தேய்த்துத் துடைத்தால் ஓரளவு தாங்கும். பிள்ளையின் மாஸ்க் நாடாவைக் காதில் மாட்டினால் கழற்றும்போது கருவியும் சேர்ந்து விழும். பின்தலையில் முடிச்சுப் போடுகிற மாதிரி தைக்க வேண்டும். இதற்கெல்லாம் கோடிக்கணக்கில் நிதி வேண்டியதில்லை.

பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கல்வித் தொலைக்காட்சி இருந்ததே என்று கட்டுரை சொல்கிறது. "இதையும் இதையும் கூட்டினால் இது" என்று பலகையைத் தட்டிக்காட்டும் பாடத்தில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? வாட்ஸப்பில் வந்தவை கையால் எழுதிய தாளின் போட்டோக்கள். கைப்பேசித் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் செயலி, அதைத் தொட்டால் "படம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். தட்டச்சு செய்தனுப்பிய நல்லவர்களும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்து பிடிஎஃப் ஆக்கினார்கள். கண்ணுக்குத் தமிழ், வாசிக்கும் செயலிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. அது வாசிப்பதைக் கேட்டால் உங்களுக்கே தலை சுற்றும். சரி, ஆடியோ போதாதா? போதாது. காதால் மட்டும் கேட்கிற பிள்ளைக்கு 'மரம்' என்பதில் சின்ன ர-வா பெரிய ற-வா என்று எப்படித் தெரியும்? எழுத்து விரல் நுனியில் ஏற வேண்டும். பிரெய்ல் தொடங்குகிற பிள்ளையின் விரலைப் பிடித்துப் புள்ளி மேல் நகர்த்த வேண்டும். தொடாதே என்று உலகமே சொன்ன காலம் அது.

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. அவர்களுக்கு வந்த ஒர்க்‌ஷீட்டை அம்மா நிரப்பினார், படம் எடுத்து அனுப்பினார், "பங்கேற்பு" என்று பதிவானது. சட்டைப் பொத்தான் போடுவதைக் கடைசிப் படியிலிருந்து தொடங்கிக் கற்பிக்கலாம் என்று அந்த அம்மாவுக்கு யாராவது சொல்லியிருந்தால்? முழுவதையும் நாம் போட்டுவிட்டு, துளையில் பாதி வந்த பொத்தானை இழுப்பதை மட்டும் பிள்ளையிடம் விட வேண்டும். அது வந்ததும் அதற்கு முந்தைய படி. இப்போது மாஸ்க்கைப் பிடுங்கி எறிகிறான் என்று வகுப்பை விட்டு அனுப்புகிறார்களே, அதற்கும் இதே வழிதான். முதல் நாள் ஐந்து எண்ணும்வரை, மறுநாள் பத்து.

இருபது வருடமாகத் தொகுப்பூதியத்தில், பேருந்து போகாத ஊருக்கும் வீடு தேடிப் போகிறவர்கள் எழுதுகிறோம் ஐயா. எங்கள் ஊதியம் பற்றி அனுப்பிய கடிதங்கள் அச்சேறவில்லை, போகட்டும். ஆண்டுதோறும் சர்வதேச மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3 அன்று "ஊனத்தை வென்ற" என்று தொடங்கும் தலைப்பும், அமைச்சர் மூன்று சக்கர வண்டி வழங்கும் படமும் தவறுவதில்லை. இந்த ஆண்டுக்கும் இடம் ஒதுக்கியிருப்பீர்கள். அரசை "செவிட்டு அரசு" என்று திட்டுகிற தலையங்கமும் மாதம் ஒன்று வந்துவிடுகிறது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு உங்களுக்குத் தெரியாததல்ல. அச்சிலும் மின்னணு ஊடகத்திலும் வருவதெல்லாம் அணுகத்தக்க வடிவில் கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது. அரசு செய்கிறபோது செய்யட்டும். உங்கள் இணையதளத்தில் பத்தாம் வகுப்பு மாதிரி வினாத்தாள்களைப் படமாக ஏற்றிவைத்திருக்கிறீர்கள். அச்சுக்கு அடித்த கோப்பு உங்களிடம்தானே இருக்கிறது? அதை, எந்தச் செயலியும் தமிழாகவே படிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றி, எழுத்தாகவே ஏற்றுங்கள். வரைபடம் உள்ள கேள்விக்கு மட்டும், படத்தில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி சேருங்கள்.

இந்தக் கடிதம் வராவிட்டாலும் பரவாயில்லை. வினாத்தாளை மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
சிறப்புப் பயிற்றுநர்கள் சிலர்,
விருதுநகர் மாவட்டம்.
நவம்பர் 2021