கொல்லையில் முதலில் வாட்டம் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுக் கொல்லையை உட்கார்ந்து பேசும் இடமாக மாற்றுவது பற்றித் தங்கள் நாளிதழின் வீடு, தோட்டம் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். படங்கள் கண்ணுக்கு அழகாக இருந்தன. வேலையின் வரிசைதான் தலைகீழாகிவிட்டது. இருக்கையைத் தேர்ந்தெடுங்கள், விளக்குச் சரம் கட்டுங்கள், தொட்டிச்செடி வையுங்கள், பிறகு தரைக்குக் கல் பதியுங்கள் என்று போகிறது கட்டுரை. அப்படிச் செய்தவர்கள் இரண்டாம் மழைக்காலத்தில் அதே கல்லைப் பெயர்க்க ஆள் தேடுவார்கள். இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் தண்ணீர். வெட்டவெளியில் போடும் தளமும் கூரை மாதிரிதான், தரையில் படுத்திருக்கிறது, அவ்வளவே. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 15 அடிக்கு 12 அடித் தளம், அதாவது 180 சதுர அடி, ஏறத்தாழ 16.7 சதுர மீட்டர். ஒரே மழையில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 830 லிட்டருக்கு மேல் அதன் தலையில் விழுகிறது. வெறும் மண்ணாக இருந்தவரை அதில் ஒரு பகுதியைத் தரை குடித்தது. கல் பதித்த பிறகு முழுவதும் எங்காவது ஓடியாக வேண்டும். நாம் வழி காட்டாவிட்டால் அது வீட்டுச் சுவரைத் தேடி வரும்.

ஆகவே தளம் சுவரிலிருந்து வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும். இந்தச் சரிவைத்தான் வாட்டம் என்கிறோம். கணக்கு எளிது: ஐந்தடிக்கு ஓர் அங்குலம். 12 அடி வெளியே போகும் தளத்துக்கு 2.4 அங்குல இறக்கம். மேசை சாயுமே என்று பயப்பட வேண்டாம். மூன்றடி அகல மேசைக்கு இது அரை அங்குலத்தைச் சற்றே தாண்டும், தம்ளரில் உள்ள தண்ணீர் தளும்பாது. வாட்டத்தைக் கண்ணால் அளப்பதுதான் தவறு. ஐந்தடி நீளமுள்ள நேரான அலுமினியச் சட்டம் ஒன்றை எடுத்து, ஒரு முனையின் அடியில் ஓர் அங்குலக் கட்டையைக் கட்டிவிடுங்கள். கட்டை உள்ள முனை வெளிப்பக்கம் இருக்கும்படி தரையில் வைத்து, சட்டத்தின் மேல் ரசமட்டத்தை, அதாவது குமிழிக் குழாய் உள்ள மட்டக்கோலை, வையுங்கள். குமிழி நடுவில் நின்றால் வாட்டம் சரி. வெளிப்பக்கம் நகர்ந்தால் இறக்கம் போதவில்லை, வீட்டுப் பக்கம் நகர்ந்தால் அதிகம். தோண்டிய மண், ஜல்லி, மணல், கல் என்று ஒவ்வொரு அடுக்கிலும் இதே சட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டும். அடி மண் குண்டும் குழியுமாக இருக்க, மேல் கல்லில் மட்டும் வாட்டம் கொண்டுவரப் பார்க்கிற கொத்தனார் மணலைத்தான் கூட்டிக் குறைப்பார். அதன் கேடு கீழே வருகிறது.

இன்னோர் அளவையும் விடக் கூடாது. தளத்தின் மேல்மட்டம் சுவரில் மண்ணின் ஈரம் மேலேறாமல் போட்டிருக்கும் ஈரத்தடுப்புப் பட்டைக்கு 6 அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். வாசற்படியோடு சமமாக இருந்தால் அழகு என்று தளத்தை உயர்த்தினால், தரையில் பட்டுத் தெறிக்கும் மழைநீர் பட்டைக்கு மேலே சுவரை நனைக்கும். உள்ளே பெயிண்ட் உரியும்போது எல்லோரும் குழாயைச் சந்தேகிப்பார்கள். கறையானுக்கும் மறைவான பாதை கிடைத்துவிடும். படி வேண்டுமென்றால் படியே கட்டிவிடலாம்: உயரம் 6 அங்குலம், மிதிப்பு 12 முதல் 14 அங்குலம், எல்லாப் படிக்கும் ஒரே உயரம். அரை அங்குலம் மாறினாலும் கால் தடுமாறும்.

ஓடி வரும் தண்ணீரை, அதை மண்ணுக்குள் இறங்கவைக்கும் உறிஞ்சுகுழியில் விடலாம் என்று கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. மூன்றடிக்கு மூன்றடிக்கு மூன்றடிக் குழி வெறுமையாக இருந்தால் 760 லிட்டர் கொள்ளும். ஜல்லி நிரப்பினால் கல்லிடுக்கில் மட்டுமே நீர் நிற்கும், சுமார் 300 லிட்டர். மேலே சொன்ன 830 லிட்டருக்கு அந்த ஒரு குழி போதாது. அது வேலை செய்யுமா என்பதை மண்தான் தீர்மானிக்கும். ஓரடி ஆழத்துக்குக் குழி எடுத்து, ஒருமுறை நீர் நிரப்பி ஊறவிட்டு, மறுபடி நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அது களிமண், அங்கே உறிஞ்சுகுழி கிணறாகத்தான் இருக்கும். வாய்க்கால் போட்டு வடிகாலுக்கோ செடிப் பாத்திக்கோ திருப்புவதே வழி. குழி எடுக்கத் தகுந்த மண்ணானாலும் வீட்டுக் கடைக்காலிலிருந்து 15 அடியாவது தள்ளி எடுங்கள்.

அடுத்தது அளவு. கொல்லையில் நடக்கும் பெரும்பாலான பிழை காகிதத்தில் தொடங்குகிறது. ஆறு பேர் உட்காரும் மேசை 5 அடிக்கு 3 அடி. அதை மட்டும் வரைந்துவிட்டு மீதி இடம் தாராளம் என்று நினைப்பார்கள். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து ஒருவர் எழுந்திருக்க நாலு பக்கமும் மூன்றடி வேண்டும், எனவே 11 அடிக்கு 9 அடி. உட்கார்ந்திருப்பவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் தட்டோடு போக வேண்டுமானால் அந்தப் பக்கம் நான்கடி. நடைபாதை ஒருவருக்கு மூன்றடி, இருவர் சேர்ந்து நடக்க நான்கடி. சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, வீட்டில் இருக்கும் மேசை நாற்காலியையே கொண்டுபோய் வைத்து, நாலைந்து நாள் அங்கே உட்கார்ந்து பாருங்கள். கோட்டை அழித்துப் போடச் செலவில்லை.

அந்த நாலைந்து நாளில் வெயிலையும் கவனிக்கலாம். பந்தல் போட்டால் நிழல் வந்துவிடும் என்கிறது கட்டுரை. உச்சி வெயிலுக்கு அது சரி, மாலை வெயிலுக்குப் பொருந்தாது. சூரியன் அடிவானத்திலிருந்து 30 டிகிரி உயரத்தில் இருக்கும்போது, 8 அடி உயரப் பந்தலின் விளிம்புக்குக் கீழே நுழையும் வெயில் 14 அடி உள்ளே வந்து தரையைத் தொடும். பத்தடிப் பந்தலில் நிழலே மிஞ்சாது. உட்கார்ந்தவரின் தலை 4 அடி உயரத்தில் என்று கொண்டாலும், மேற்கு விளிம்பிலிருந்து 7 அடி வரை முகத்தில் அடிக்கும். இதற்கு மேலே இன்னும் ஓலையோ துணியோ சேர்ப்பதில் பயனில்லை. மேற்கே நிமிர்ந்து நிற்கும் தட்டி, கொடி ஏறிய கம்பிவலை, இல்லையென்றால் ஒரு மரம் வேண்டும். மேலே வெறும் மரச்சட்டங்கள் மட்டும் வைக்கிற பந்தலில் நேர்மாறான குறை: சட்டத்தின் ஆழமும் இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியும் சமமாக இருந்தால், குறுக்கே வரும் வெயில் 45 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகே முழுவதும் மறையும். நண்பகலில் கோடு கோடாகச் சுடும். அங்கே கொடி ஏற்றினால்தான் பிழைக்கலாம்.

தட்டி என்றதும் சிலர் சுவரே எழுப்பிவிடுகிறார்கள். காற்றைத் தடுக்க முழுச்சுவரைவிட, பாதிக்குப் பாதி இடைவெளி உள்ள தட்டி மேல். சுவரில் மோதும் காற்று அதைத் தாண்டி விழுந்து மறுபக்கம் சுழலும், இடைவெளியில் வடியும் காற்று வேகம் குறைந்து போகும். அண்டை வீட்டார் பார்வைக்கும் ஐந்தடி உயரம் பெரும்பாலும் போதும், உட்கார்ந்தவரின் கண் நான்கடியைத் தாண்டாது. மாடி சன்னலிலிருந்து பார்ப்பவரை எந்தத் தட்டியாலும் மறைக்க முடியாது, அதற்கு மேற்பந்தல்தான்.

பந்தல் கால் எங்கே கெடுகிறது என்று பார்த்தால், கிட்டத்தட்ட எப்போதும் தரையைத் தொடும் இடத்தில்தான். மரக்காலைக் கான்கிரீட்டுக்குள் நட்டால், மரம் காய்ந்து சுருங்கும்போது சுற்றிலும் மெல்லிய இடுக்கு விழும். மழைநீர் அதில் இறங்கி நிற்கும். வெளியே மரம் வைரம் மாதிரித் தெரியும், உள்ளே கத்தி முனை மாவில் இறங்குவதுபோல் இறங்கும். துத்தநாக முலாம் பூசிய இரும்புக் காலணியை, அதாவது மரக்காலின் அடியைத் தாங்கும் பிடியை, கான்கிரீட்டில் பதித்து, மரத்தின் அடி தரைக்கு மேல் ஓர் அங்குலமாவது காற்றில் நிற்கும்படி போல்ட் போட வேண்டும். கான்கிரீட்டின் தலையும் நாலாபக்கமும் சரிந்திருக்கட்டும். ஒன்றரை அடிச் சதுரத்தில் இரண்டடி ஆழம் போட்டால் ஒரு காலுக்கு 300 கிலோ எடை கிடைக்கும். மரச்சட்டப் பந்தலுக்கு அது பொதுவாகப் போதும். மேலே தகடோ இழுத்துக் கட்டிய துணியோ வந்தால் கதையே வேறு. அடியில் புகும் காற்று கூரையோடு காலையும் சேர்த்துத் தூக்கும். அந்தக் கணக்கைப் பொறியாளரிடம் விட்டுவிடுங்கள்.

இனித் தரை. 180 சதுர அடிக்குப் பேவர் கல், அதாவது சிமெண்டில் வார்த்த தளக்கல், என்று வைத்துக்கொள்வோம். கல் 60 மில்லிமீட்டர், அடியில் ஓர் அங்குல மணல், அதன் அடியில் 4 அங்குல ஜல்லிக் கலவை. ஆக ஏழரை அங்குலம் தோண்ட வேண்டும். 112 கன அடி மண். வெட்டிக் குவித்தால் அது உப்பி 140 கன அடி ஆகும். இந்த மண் எங்கே போகும் என்று யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை, கடைசியில் மரத்தடியில் கொட்டுவார்கள். மரத்தின் தண்டைச் சுற்றி மண் ஏறினால் பட்டை அழுகும், வேர் மூச்சுத் திணறும். தண்டைச் சுற்றி நான்கடிக்குக் கல்லே வேண்டாம், கூழாங்கல்லைப் பரப்பிவிடுங்கள்.

பெரிய ஜல்லியும் குவாரித் தூளும் கலந்ததுதான் அடித்தளம். வெறும் ஒரே அளவு ஜல்லி கெட்டிப்படாது. இடித்துக் கெட்டிப்படுத்தியபின் 60 கன அடி நிற்க, 75 கன அடி வாங்க வேண்டும். நான்கு அங்குலத்தையும் ஒரே தடவையில் கொட்டி இடித்தால் மேலே இறுகும், கீழே பொலபொலவென்று கிடக்கும். இரண்டு தடவையாகப் பரப்பி, லேசாக நனைத்து, அதிர்வுத் தட்டு இயந்திரத்தால் இடிக்க வேண்டும். மண் கரிசலாக இருந்தால் நான்கு அங்குலம் ஆகாது. அது நனைந்தால் விரியும், காய்ந்தால் பிளக்கும். இன்னும் ஆழமாக வெட்டி எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்ப வேண்டும்.

மணல் அடுக்கு எங்கும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். பள்ளத்தை மணலால் சரிக்கட்டுவதுதான் இந்தத் தொழிலின் பெரிய பித்தலாட்டம். இரண்டங்குல மணல் உள்ள இடம் ஆள் நடந்து நடந்து அமுங்கும், ஓரங்குலம் உள்ள இடம் நிற்கும், நடுவில் தேங்கும் தண்ணீர் உங்களுக்குச் சொல்லும். கல் பதிக்கும் முன் மணலை இடிக்கவும் கூடாது. பதித்த பிறகு இயந்திரம் ஓட்டினால் கல் மூன்று, நான்கு மில்லிமீட்டர் இறங்கி மணலில் கடித்துக்கொள்ளும். அந்த இறக்கத்தை முன்பே கணக்கில் வைத்துச் சற்று உயர்த்திப் பதிப்பது வழக்கம். ஓரக்கல் இல்லாத பேவர் தளம் பூட்டில்லாத பெட்டி. முதலில் வெளிவரிசை நகரும், இடுக்கு அகலும், மணல் கொட்டும், பிறகு நடுவரிசையும் ஆடும். இடுக்கில் போடும் நைஸ் மணல் காய்ந்ததாக இருக்கட்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பெருக்கி நிரப்புங்கள்.

டைல்ஸ்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு சொல். பத்தடிக்கு ஒருமுறை அடியிலுள்ள கான்கிரீட்டிலிருந்து மேல்வரை மென்மையான பூச்சு நிரப்பிய விரிவு இடைவெளி விடுங்கள், சுவரோரத்திலும் விடுங்கள். விடாவிட்டால் வெயிலில் விரியும் டைல்ஸ் போக இடமில்லாமல் கூடாரம்போல் எழும்பும். பளபளக்கும் கிரானைட் நனைந்தால் சறுக்கும், தீயில் சுட்டுச் சொரசொரப்பாக்கிய பரப்பை வாங்குங்கள். கறுப்புக் கல்லில் வெறுங்காலோடு பகலில் நிற்க முடியாது.

கல் பதிக்கும் முன் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலை: தளத்தின் குறுக்கே, ஜல்லிக்கு அடியில், நாலங்குலக் குழாய் ஒன்றை வெறுமையாகப் போட்டு, உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு இரு முனையையும் மூடிவிடுங்கள். நாளை விளக்கோ சொட்டுநீர்க் குழாயோ வேண்டுமென்றால் அந்தக் கயிறு இழுத்துக் கொடுக்கும். மின்கம்பிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் தனித்தனியாகப் போடுவது நல்லது.

விளக்கு, இருக்கை எல்லாம் இதற்குப் பிறகுதான், அவற்றில் சொல்லவும் அதிகமில்லை. விளக்கு 2700 கெல்வின் மஞ்சள் ஒளியாக, தாழ்வாக, கீழ்நோக்கி இருக்கட்டும். வெள்ளை ஒளியைவிடப் பூச்சி குறைவாக வரும், கண்ணும் கூசாது. பன்னிரண்டு வோல்ட் போதும். வீட்டு மின்சாரமான 230 வோல்ட்டைக் கொண்டுபோனால் 30 மில்லிஆம்பியர் மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச் இல்லாமல் இணைப்புக் கொடுக்கவே கூடாது. தொட்டிச் செடியின் அடித்தட்டில் தண்ணீர் நின்றால் ஒரு வாரம், பத்து நாளில் கொசு பறக்கும். தட்டில் கூழாங்கல் போட்டாலும் இடுக்கில் நீர் நிற்கும், எனவே தட்டையே எடுத்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் கூலியில் ஒரு பகுதியை முதல் பெருமழை வரை நிறுத்திவைப்பதாக முன்பே பேசிக்கொள்ளுங்கள். மழை விட்ட ஒரு மணி நேரத்தில் போய்ப் பார்த்து, எங்கே தண்ணீர் நிற்கிறதோ அந்தக் கல்லில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். பேவரில் அதைப் பெயர்த்துத் திருத்துவது அரைநாள் வேலை. இதைத் தவறாக நினைக்கிற நல்ல கொத்தனார் இல்லை.

அடுத்த முறை இந்தப் பொருளை எழுதும்போது வண்ணப் படங்களில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, சுவர், தளம், மணல், ஜல்லி, மண், வாய்க்கால் எல்லாம் அளவோடு தெரியும் குறுக்குவெட்டுப் படம் ஒன்றை வெளியிடுங்கள். வாசகர்கள் அதை வெட்டி எடுத்துக் கொத்தனார் கையில் கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
தோட்டத் தள அமைப்புத் தொழிலில் உள்ள வாசகர்கள்