வங்காநரிக்கு வால்நுனி கறுப்பு

ஆசிரியருக்கு வணக்கம்.

பொங்கலுக்கு எங்கள் வாழப்பாடிப் பக்கம் வங்காநரி பிடித்தவர்களுக்கு வனத்துறை அபராதம் போட்ட செய்தியை வெளியிட்டிருந்தீர்கள். சரி, ஆனால் கூடவே போட்ட படம் வேறு நரியுடையது. செக்கச்செவேல் என்ற உடம்பு, வெள்ளை வால்நுனி. அது இமயமலையிலும் ராஜஸ்தான், கட்ச் பக்கத்திலும் இருக்கிற செந்நரி. நாங்கள் வங்காநரி என்பது குள்ளநரியை. சாம்பல் பூத்த மண் நிறம், உடம்புக்கு மீறின காது, மையில் தோய்த்தெடுத்த மாதிரி வால்நுனி.

படம்தானே என்று விட முடியவில்லை. எங்கள் ஊரிலேயே பலர் ஊளையிடும் பெரிய நரியையும் இதையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். பெரியது நாய்க்கும் ஓநாய்க்கும் நெருங்கிய சொந்தம்; எட்டு, பத்து கிலோ இருக்கும், ஆட்டுக்குட்டியைத் தூக்கும். குள்ளநரி இரண்டு, மூன்று கிலோதான். ஆனாலும் பட்டியில் குட்டி காணோம் என்றால் பழி இதன்மேல்தான்.

என் கடலைக்காட்டை ஒட்டிய புறம்போக்கு மேட்டில் நாலு வாய் வைத்த வளை ஒன்று இருந்தது. பங்குனியில் விடிகாலை தண்ணீர் கட்டப் போனால் மூன்று குட்டிகள் வளைவாயில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அங்கே கிடந்த எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்திருக்கிறேன். வெட்டுக்கிளிக் கால், வண்டு ஓடு, எலி முடி, இலந்தைக் கொட்டை. ஆட்டு மயிர் ஒருநாளும் இருந்ததில்லை. இரண்டு வருஷம் முன்பு மண்ணெடுக்க வந்த பொக்லைன் அந்த மேட்டையே வாரிக்கொண்டு போய்விட்டது. இப்போது ராத்திரியில் அதன் குரைப்புச் சத்தமும் இல்லை.

இன்னொன்று. மாசி, பங்குனியில் குட்டி போடுகிற விலங்கு இது. சினைக்காலம் ஏழு வாரத்துக்குக் கொஞ்சம் மேல். தைப் பிறப்பில் வலையில் விழுவது பெட்டையானால் வயிற்றில் குட்டி இருக்கலாம். தையில் நரி முகத்தில் முழித்தால் வெள்ளாமை பொங்கும் என்று பிடித்துவந்த நரியை ஊரில் ஓடவிடுவார்கள்; சின்ன வயதில் நானும் அந்த ஓட்டத்தைப் பார்த்துக் கை தட்டியவன். அப்போது இதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அடுத்த பொங்கலுக்குச் செய்தி போடும்போது கறுப்பு வால்நுனியோடு சரியான படத்தைப் போடுங்கள். சினையாக இருக்கும் மாதம் இது என்று ஒரு வரியும் சேருங்கள். பொங்கலுக்கு முன்பே வந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
வாழப்பாடி வட்டம், சேலம் மாவட்டம்.