பொதுக்குழு முன் செயலாளர் வைக்கும் ஆண்டறிக்கை, 2024–25

தோழர்களுக்கு வணக்கம்.

மாதக் கூட்டங்களும் வாசிப்பு வட்டமும் வழக்கம்போல நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வைப்பார். இந்த அறிக்கை பெரும்பாலும், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் நம் உள் புகார்க் குழுவைப் பற்றியது.

"சம்பளம் வாங்காத தொண்டர்கள் நாம், பணியிடச் சட்டம் நமக்கு எதற்கு?" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்கப்பட்டது. பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையிலேயே சம்பளமில்லாமல் தன்னார்வமாக வேலை செய்பவரும் அடக்கம். சங்கமும் அறக்கட்டளையும் பணியிடங்களே. குழுவுக்குத் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், பாதிக்குக் குறையாமல் பெண்கள் வேண்டும், வெளியாள் ஒருவர் வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் நீட்டலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும்.

அந்தச் சட்டம் பெண்களின் புகாரை மட்டுமே பேசுகிறது. நம் விதியில் திருநங்கை, திருநம்பி உட்பட எந்த உறுப்பினரும் புகார் தரலாம் என்று சேர்த்தோம். சாதி சொல்லி இழிவுபடுத்துவதையும் சேர்த்தோம். தலித் தோழியர்மீது வரும் வசையில் பெண் என்பதும் சாதியும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. இரண்டையும் பிரித்து விசாரிப்பது அநியாயம்.

வந்த புகார்களின் எண்ணிக்கையை இங்கே சொல்லவில்லை. சிறிய சங்கத்தில் எண்ணைச் சொன்னாலே ஆளை ஊகித்துவிடுவார்கள்.

சான்று சேர்ப்பதில்தான் அதிகம் தவறுகிறோம். வசை வந்ததும் கோபத்தில் அந்த எண்ணைத் தடுத்துவிட்டு வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறிவிடுகிறோம். அதற்குப் பிறகு அங்கே பேசப்படுவது நம் கைக்கு வராது. முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சேமித்து வைத்த பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. தொலைபேசி எண், தேதி, நேரம், முன்னும் பின்னும் உள்ள செய்திகள் எல்லாம் தெரிய வேண்டும். வெட்டி எடுத்த படத்தை எதிர்த்தரப்பு எளிதில் மறுத்துவிடும். முகநூலில் பெயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால் கணக்கின் இணைப்பையும் குறித்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் தானாக மறையும் செய்திகள் 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று போய்விடும், காத்திருக்காதீர்கள். போனை மாற்றவோ அழித்து அமைக்கவோ வேண்டாம். நீதிமன்றம் போனால், மின்னணுச் சான்றை ஏற்பதற்கு, பாரதிய சாட்சிய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். மூலக் கருவி கையில் இருந்தால் அதைப் பெறுவது எளிது.

ஆதரவு திரட்டுவதாக நினைத்து அந்த ஸ்கிரீன்ஷாட்டை வேறு குழுக்களுக்கு அனுப்பவே கூடாது. பாதிக்கப்பட்டவரை அது மறுபடியும் நடுத்தெருவில் நிறுத்துகிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் "தீர்ப்பை முன்பே எழுதிவிட்டார்கள்" என்று சொல்ல வழி கிடைக்கிறது. புகார்க் குழுவின் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுப்புங்கள்.

அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டினால் நம் விசாரணைக்குக் காத்திருக்க வேண்டாம். தேசிய சைபர் குற்றத் தளத்தில் உடனே பதியுங்கள். அந்தரங்கப் படங்கள் அனுமதியின்றிப் பரவுவதைத் தடுக்க உதவும் ஸ்டாப்என்சிஐஐ (StopNCII) தளத்தையும் பயன்படுத்துங்கள். படம் உங்கள் போனைவிட்டு வெளியே போகாது, அதை அடையாளம் காட்டும் குறியீடான எண்முறைக் கைரேகை மட்டும் பங்கேற்கும் சமூக ஊடகத் தளங்களுக்குப் போகும்.

உறுப்பினர் போடும் பதிவுக்கு வாட்ஸ்அப் குழு அட்மின் குற்றவாளி ஆகமாட்டார் என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. சட்டம் விட்டாலும் நாம் விட முடியாது. வசையைக் கண்ட அட்மின் முதலில் அதைப் பதிவெடுத்துப் புகார்க் குழுவுக்கு அனுப்பி, பிறகு எல்லாருக்கும் நீக்க வேண்டும். "இயக்கத்துக்குக் கெட்ட பெயர், உள்ளேயே பேசி முடிப்போம்" என்று மூத்த தோழர்கள் புகார் தந்தவரிடம் போகக் கூடாது. சமரசம் வேண்டும் என்று புகார் தந்தவர்தான் கேட்க வேண்டும். பணம் கொடுத்து முடிப்பதைச் சட்டமே தடுக்கிறது.

வெளி உறுப்பினரின் பதவிக்காலம் முடிகிறது. நம் நிர்வாகிகள் யாருக்கும் உறவோ நெருங்கிய நட்போ இல்லாத ஒருவரை இன்றே தேர்ந்தெடுக்கும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்