பெயர்க்கல் வேண்டாம், மச்சான்

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் போன கிழமை வந்து சேர்ந்தது. இந்தக் காலத்தில் நாலு பக்கத்தைக் கையால் எழுதி முத்திரை ஒட்டி அனுப்புகிறவன் நீ ஒருத்தன்தான். தபால்காரப் பெடியன் கனடா முத்திரையைப் பார்த்துவிட்டு, "விசா ஏதும் வந்திருக்கோ ஐயா?" என்று கேட்டான்.

நாங்கள் எல்லோரும் சுகம். காலபோக வெட்டு முடிந்தது. மெஷின்காரன் ஏக்கருக்குக் கூட்டிக் கேட்டான், நெல்லின் விலையோ இறங்கித்தான் நின்றது. வழமையான கதை, விடு. குளத்துக்குக் கிட்ட இருக்கிற துண்டில் யானை இறங்கி ஒரு மூலையை உழக்கிவிட்டுப் போனது. மனிசிக்கு முழங்கால் வருத்தம், ஆனாலும் சிலுவைப்பாதையில் பதினாலு தலத்திலும் முழந்தாளிடாமல் விடமாட்டாள். தவக்காலம் என்றபடியால் வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் கோயிலில் சனம் இருக்கிறது. ஆண்டவரின் பாடுகளைப் பாடுகிற பசாம் படிக்கத்தான் ஆளில்லை. அந்த இராகத்தை இழுத்துப் பாடத் தெரிந்த பழைய ஆட்களில் இரண்டு பேர்தான் மிச்சம். இளசுகளுக்குக் கீபோர்ட் இல்லாமல் தொண்டை திறக்காது.

சரி, நீ எழுதிய விஷயங்களுக்கு வருகிறேன்.

முதலில் கோயில் கூரை. நீ காசு தருகிறேன் என்றது பெரிய உபகாரம். ஆனால் அம்மாவின் பெயரைக் கறுப்புக் கல்லில் பொறித்து வாசல் சுவரில் பதிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். நீ கடைசியாக வந்துபோன பிறகு கோயிலுக்குள் ஃபேன் பூட்டினோம். ஒவ்வொரு ஃபேனின் ஒவ்வொரு இதழிலும் சிவப்புப் பெயின்டில் 'அன்பளிப்பு' என்று எழுதி, கீழே குடும்பப் பெயரும் நாடும். சுவிஸ், பிரான்ஸ், லண்டன். ஃபேன் ஓடும்போது ஒன்றையும் வாசிக்க ஏலாது. கரண்ட் நின்றால்தான் கொடையாளிகளின் பெயர் தெரியும். அப்போது சனம் வியர்த்துக்கொண்டு அவர்களை நினைத்துக்கொள்ளும்.

பெயர் போடாவிட்டால் காசு வராது என்று கோயில் காரியம் பார்க்கிற மூப்பர் சொல்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. சண்டைக்காலச் செல்லடியில் கூரையும் சுவரும் போன கோயிலை நிமிர்த்தியதில் பாதி இந்தப் பெயர்க்காசுதான். எனக்கு உன் அம்மாவை நினைக்கத்தான் சங்கடமாக இருக்கிறது. சனிக்கிழமைப் பின்னேரம் ஈர்க்குமாற்றோடு வந்து கோயில் முற்றத்தைக் கூட்டி, மணலில் கோடு கோடாகத் தெரிய விட்டுவிட்டுப் போவார். நாங்கள் அதை மிதித்துப் பந்தடிப்போம். ஒரு நாளும் ஏசியதில்லை, அடுத்த சனி திரும்பக் கூட்டினார். பூசை முடிந்து எல்லோரும் போன பிறகுதான் சுரூபத்துக்குக் கிட்டப் போய்த் தொட்டுக் கும்பிடுவார். முன்வாங்கில் அவர் இருந்து நான் பார்த்ததில்லை. அந்த மனிசியின் பெயரை வாசலில் பதித்தால் இரவோடு இரவாக அவரே வந்து கழற்றிவிடுவார் என்று நினைக்கிறேன்.

போன திருநாளில் நடந்ததையும் கேள். அந்தோனியாரின் சுரூபம் வைத்த கூட்டை யார் முன்னால் பிடித்துத் தூக்குவது என்று இரண்டு பகுதிக்குள் வாய்த்தர்க்கம். பரம்பரை உரிமை என்று ஒரு பகுதி, இந்த வருடம் செலவெல்லாம் எங்களுடையது என்று மற்றப் பகுதி. கொடியேற்றிய நாளிலிருந்து நவநாள் முழுக்கத் தாழ்ச்சியைப் பற்றிப் பிரசங்கம் கேட்ட சனம்தான் இது. கடைசியில் ஃபாதர் ஒன்றும் பேசாமல் கூட்டை டிராக்டர் பெட்டியில் ஏற்றிவிட்டார். அந்தோனியார் அந்த வருடம் ஒருவர் தோளிலும் ஏறவில்லை.

யோசப் வாஸ் அடிகளாரைப் பார். 1687இல், ஆட்சியிலிருந்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களை நாட்டுக்குள் விடாத காலத்தில், கூலிக்காரன் வேஷத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்தவர். கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அந்த மாலையைக் கண்டதும் எந்த வீட்டில் முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் ஒளித்திருந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். பிறகு அவரை ஆயராக்கப் பேச்சு வந்தபோது வேண்டாம் என்றார். 2015 ஜனவரி 14 காலையில் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக்கிவிட்டு, அன்று பின்னேரமே மடு மாதா கோயிலுக்கு வந்தார். அன்றைக்கு மடுவில் நின்ற சனத்துக்குள் நானும் நின்றேன். தலைகளுக்கு மேலால் ஒரு வெள்ளைத் தொப்பிதான் தெரிந்தது.

அதனால் என் யோசனை இது. கல்லுக்குப் பதிலாக அம்மாவின் நினைவு நாளில் பூசைக்குக் கருத்துக் கொடு. பீடத்தில் ஃபாதர் அம்மாவின் பெயரை வாசிப்பார், நாங்கள் அம்மாவுக்காக வேண்டுவோம். நவம்பர் 2, இறந்தவர்களின் நாளில், சேமக்காலைக்குப் போகும்போது நான் மெழுகுதிரி கொளுத்துகிறேன். எப்படியும் கொளுத்துகிறதுதான். இல்லை, கல்தான் வேண்டும் என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன். உன் காசு, உன் தாய்.

அடுத்த விஷயம்தான் உன் நாலு பக்கத்தில் மூன்று. செபம் வருகுதில்லை என்கிறாய். சொன்னதையே கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்வதில் என்ன இருக்கிறது, வாய் மரியாயே என்கிறது, மனம் வீட்டுக் கடனில் நிற்கிறது என்கிறாய். அதற்குக் கீழே பேனையை அழுத்தி ஒரு வரி: அவ்வளவு சனம் அழுது கேட்டதே, என்ன கிடைத்தது?

அந்த வரிக்கு என்னிடம் பதில் இல்லை, மச்சான். பதில் இருக்கிறது என்று மைக்கைப் பிடித்துக் கத்துகிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. 1999 நவம்பரில் மடுக் கோயிலில் தஞ்சமிருந்த சனத்தின்மேல் செல் விழுந்தது. மாதாவின் காலடி என்று நம்பி வந்தவர்கள்தான் செத்தார்கள். 2008 சித்திரையில் சுரூபத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. 1670இல் ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலிருந்து காட்டுக்குள் வந்த தாய்க்கு ஓடுவது புதிதா என்று எங்கள் சனம் அப்போது சொல்லிக்கொண்டது. அந்த ஆவணியில் மாதா மடுவுக்குத் திரும்பிவிட்டார். நாங்கள் அதற்குப் பிறகும் சண்டைக்குத் தப்பிக் கிழக்கே போய்க்கொண்டிருந்தோம்.

பிறகு, சண்டைக்குள்ளிருந்து வந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் முகாம். தறப்பாளுக்குக் கீழே பகலில் இருக்க முடியாத வெக்கை. என் செபமாலை வரும் வழியில் எங்கோ போய்விட்டது, பலருக்கும் அப்படித்தான். விரலில் எண்ணினோம். பத்து விரல் முடிந்தால் செபமாலையில் ஒரு பத்து மணி. பவுசர் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நிற்கும்போது, முன்னால் நின்ற மனிசி 'அருள் நிறைந்த மரியாயே' என்று மெல்லத் தொடங்குவார். பின்னால் நிற்கிறவர் 'அர்ச்சிஷ்ட மரியாயே' என்று எடுப்பார். அந்த நாட்களில் எனக்குச் சொந்தமாக ஒரு சொல்லும் வரவில்லை. உள்ளத்திலிருந்து உன் சொந்த வார்த்தையில் மன்றாடு என்று யாராவது சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்கமாட்டேன். யாரோ எப்போதோ சொல்லிவைத்த வார்த்தை கையில் இருந்தது, அதைச் சொன்னேன். கடவுளுக்கு முன்னால் என்னுடையது என்று காட்ட ஒரு வசனம்கூட இல்லாமல் இரவல் வார்த்தையோடு நிற்பதுதான் தாழ்ச்சி என்று அதற்குப் பிறகு நினைக்கத் தொடங்கினேன். நீ கிளிப்பிள்ளை என்று சலிக்கிற இடம்தான் என்னைத் தாங்கியது.

லூக்கா நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில் கோயிலுக்குச் செபிக்கப் போகிற இரண்டு பேரை எடு. பரிசேயனின் செபம் நன்றாகத் தயாரித்த செபம். நோன்பு இருக்கிறது, பத்திலொரு பங்கு காணிக்கை இருக்கிறது, பக்கத்தில் நிற்கிறவனைப் பற்றிய குறிப்பும் இருக்கிறது. வரிதண்டுகிறவனிடம் இருப்பது ஒரே வரி, பாவியாகிய என்மீது இரங்கும் என்று. அவன் தூரத்தில் நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அதைச் சொன்னான். (தூரத்தில் நின்றான் என்றதும் நம்முடைய ஆம்பிளைகள் ஞாயிறு பூசைக்கு வெளியே மாமரத்துக்குக் கீழே நிற்பதைத் தாழ்ச்சி என்று எண்ணிவிடாதே. அங்கே கிரிக்கெட் ஸ்கோர்தான் கதைக்கிறார்கள்.)

சின்ன திரேசம்மாளின் கதையும் உனக்குப் பிடிக்கும். லிசியே கார்மேல் மடத்தில் 1897இல் சயரோகத்தில் 24 வயதில் இறந்த பிள்ளை. 1997இல் திருச்சபை அவரை மறைவல்லுநர் என்று அறிவித்தது. அப்படிப்பட்டவர், செபமாலை சொல்வது எனக்கு ஒறுத்தலை விடக் கஷ்டம் என்று எழுதிவைத்திருக்கிறார். செப நேரத்தில் நித்திரையாகிப் போவாராம். பிள்ளை தூங்கினாலும் முழித்திருந்தாலும் தாய் தகப்பனுக்கு ஒரேயளவு பிரியம்தானே என்று சமாதானமும் சொல்லிக்கொண்டார். மனம் ஒன்றிலும் பிடிக்காத நேரத்தில் பரலோக மந்திரத்தை மிக மெதுவாக ஒரு தரம் சொல்வார், பிறகு மரியாயின் மந்திரத்தை. கடைசி ஒன்றரை வருடம் மோட்சம் என்று ஒன்று இருக்கிறதா என்ற இருட்டில் கிடந்தார். அந்த இருட்டிலும் கன்னியர் கூடிச் செபிக்கிற கொயரை விட்டு எழும்பிப் போகவில்லை.

எங்கள் பங்கில் ஒரு அக்கா இருக்கிறார், பெயர் எழுத மாட்டேன். 2009இல் காணாமற்போன மகனுக்காக இன்றைக்கும் காத்திருக்கிறார். அவருடைய செபமாலையைப் போன மாதம் கையில் வாங்கிப் பார்த்தேன். கயிறு அறுந்து நைலோன் தங்கூசியில் கோத்திருக்கிறார். மூன்றாம் பத்தில் ஒரு மணி இல்லை, அந்த இடத்தில் வெள்ளைச் சட்டைப் பொத்தான். விரல் பட்டுப் பட்டுப் பொத்தானின் நாலு ஓட்டையும் மழுங்கியிருக்கிறது. யாருடைய சட்டை என்று நான் கேட்கவில்லை. வியாழக்கிழமைகளில் தியானிக்கவென்று 2002இல் பாப்பரசர் செபமாலையில் சேர்த்த ஒளியின் தேவ இரகசியங்கள் அக்காவிடம் இன்னும் வந்து சேரவில்லை. வியாழக்கிழமையில் பழையபடி சந்தோஷ தேவ இரகசியம்தான். ஃபாதர் ஒரு தரம் திருத்தப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

"என்ன அக்கா கேக்கிறனீங்கள்?" என்று கேட்டேன். "கேக்கிறதெல்லாம் கேட்டு முடிஞ்சுது தம்பி. இப்ப சும்மா மாதாவோட இருக்கிறன்" என்றார்.

இதை வைத்து அவர் அடங்கிப்போன மனிசி என்று நினைக்காதே. கிளிநொச்சியில் 2017 மாசியில் தாய்மார் பிள்ளைகளைக் கேட்டு வீதியோரம் இருக்கத் தொடங்கிய நாளிலிருந்து பஸ் ஏறிப் போகிறவர். படத்தையும் கொண்டுபோவார், இந்தச் செபமாலையையும் கொண்டுபோவார். தாழ்ச்சி என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று சில பேர் எங்களுக்குப் பிரசங்கம் வைத்தார்கள். எனக்கு அது ஒத்துவராது. மத்தேயுவில் வருகிற கானானியப் பெண் ஆண்டவரிடமே வாதாடினாள். பிள்ளைகளின் உணவை நாய்க்குட்டிகளுக்குப் போடக்கூடாது என்ற சொல்லைக் கேட்ட பிறகும் திரும்பிப் போகவில்லை. மேசையிலிருந்து விழுகிற துண்டை நாய்க்குட்டியும் தின்னுமே என்று திருப்பிச் சொன்னாள். உன் நம்பிக்கை பெரிது என்ற பாராட்டு அவளுக்குத்தான் கிடைத்தது. நீ பேனையை அழுத்தி எழுதிய அந்த வரியையும் என்னிடம் கேட்காமல் ஆண்டவரிடமே கேள். கோபத்தோடு கேட்டாலும் அது செபம்தான் என்று நான் நம்புகிறேன்.

ஐம்பத்து மூன்று மணியையும் ஒரே மூச்சில் பிடிக்கப் பார்க்காதே. காலையில் வேலைக்குப் போகும்போது காரை எடுக்குமுன் ஒரு பரலோக மந்திரம். மனம் கடனுக்குப் போனால் போகட்டும். 'எங்கள் அனுதின உணவை' என்று வருகிற இடமும் கடனும் அவ்வளவு தூரமில்லை. அதுகூட வராத நாளில் பேசாமல் இரு. அங்கே உனக்குத் தமிழ்ப் பூசை கிட்ட இருக்கிறதோ தெரியாது, இருந்தால் பின்வாங்கில் போய் இரு. யாரும் கேட்கமாட்டார்கள்.

நீ கேட்ட மடு மண்ணை, சித்திரையில் ரொறொன்ரோ வருகிற ஒரு பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறேன். பாம்புக்கடிக்கு என்று நாங்கள் வீட்டில் வைத்திருக்கிற மண். ஸ்காபரோவில் உனக்கு எந்தப் பாம்பு கடிக்கப்போகிறது என்று மனிசி சிரிக்கிறாள். விமான நிலையத்தில் எடுத்து எறிந்தால் என்னைக் கோபிக்காதே.

கூரைக் காசைப் பங்கின் வங்கிக் கணக்குக்கே போடு, ரசீதை நான் வாங்கி அனுப்புகிறேன். பழையபடி ஓடு போடுவோம் என்று நான் சொல்கிறேன், அஸ்பெஸ்டஸ் சீற்தான் மலிவு என்று கமிட்டி சொல்கிறது. சீற் போட்டால் வைகாசி வெய்யிலில் சனம் வேகும். காசு தருகிறவன் சொன்னால் எடுபடும், அதனால் ஓடு என்று மூப்பருக்கு ஒரு வார்த்தை சொல்லு. வருகிறதென்றால் ஆவணித் திருவிழாவை விட ஆடி 2க்கு வா, சனம் குறைவு, மடுவில் கொட்டில் போட இடமும் கிடைக்கும். டிக்கெட் போடுமுன் எனக்கு அறிவி, தறப்பாளுக்கும் தடிக்கும் நான் ஒழுங்கு செய்ய வேண்டும்.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன் கூட்டாளி