கான் ரயில் இன்று போகாத ஊர்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியாவின் 'தி கான்' ரயிலைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பயணக் கட்டுரையை அடிலெய்டில் இருந்துகொண்டு இரண்டு முறை படித்தேன். சாப்பாட்டுப் பெட்டி, படுக்கை வசதி, ஜன்னலுக்கு வெளியே ஓடும் செம்மண் எல்லாம் நன்றாக எழுதியிருந்தார்கள். ஆனால் ரயில் அந்தக் காலத்து ஒட்டகப் பாதையிலேயே இன்றும் ஓடுகிறது என்பதுபோல ஒரு வரி வருகிறது, அது சரியில்லை. 1980-இல் தெற்கே டார்கூலா என்ற இடத்திலிருந்து நாட்டின் நடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் புதுப் பாதை போட்டு, கான் அதற்கு மாறிவிட்டது. பழைய பாதை கிழக்கே வெகுதூரம் தள்ளி, மரீ என்ற சின்ன ஊர் வழியாகப் போனது. கானைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி மரீயை விட்டுவிட்டால் எப்படி? அந்த ஊரை ஒருமுறை நேரில் பார்த்தவள் என்பதால் மனது கேட்காமல் எழுதுகிறேன்.

மரீ அடிலெய்டுக்கு வடக்கே ஏறக்குறைய 680 கி.மீ. இன்று அங்கே நூறு பேர் இருந்தாலே அதிகம். அவ்வளவு வறண்ட இடத்துக்கு ரயில் ஏன் போனது என்றால், தண்ணீர்தான் காரணம். நிலத்துக்கடியில் இருக்கும் பெரிய ஊற்றுப்படுகையிலிருந்து தண்ணீர் தானாகவே மேலே வரும் ஊற்றுகள் அந்தப் பக்கம் வரிசையாக இருக்கின்றன. அரபானா போன்ற பழங்குடி மக்கள் காலம் காலமாக அந்த ஊற்றுகளை வைத்துத்தான் அங்கே வாழ்ந்தார்கள், நடந்தார்கள். 1859-இல் உள்நாட்டைத் தேடிப் போன ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் என்ற பயணி தன் குழுவில் இருந்த ஹெர்காட் என்பவரின் பெயரை இந்த ஊற்றுக்கு வைத்தார். பிறகு நாட்டின் தெற்கையும் வடக்கையும் இணைத்து 1872-இல் முடிந்த தந்திக் கம்பியும், அதற்குப் பின்னால் ரயிலும் இதே தண்ணீரைப் பிடித்துக்கொண்டுதான் வடக்கே போயின, நீராவி இன்ஜினுக்குத் தண்ணீர் இல்லாமல் முடியாதே. ஹெர்காட் ஸ்பிரிங்ஸ் என்று வழங்கிவந்த பெயர் ஜெர்மானியப் பெயராக இருக்கிறதென்று முதல் உலகப் போர் சமயத்தில் கைவிடப்பட்டு, மரீ என்பதே நிலைத்தது.

1884-இல் தண்டவாளம் இங்கே வந்தது, இன்னும் வடக்கே இருக்கும் ஊட்னடாட்டா போய்ச் சேர 1891 ஆனது. ரயில் வந்ததும் ஒட்டகத்துக்கு வேலை போயிருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நடந்தது வேறு. ரயில் முடிகிற இடத்திலிருந்து உள்நாட்டுப் பண்ணைகளுக்கு மாவு, சர்க்கரை, தேயிலை, கம்பி, தகரம் எல்லாம் போக வேண்டும், அங்கிருந்து ஆட்டுக் கம்பளிப் பொதிகள் ரயிலுக்கு வர வேண்டும். பாதை இல்லாத மணலில் அதைச் செய்ய ஒட்டகத்தை விட்டால் வேறு வழியில்லை, நல்ல ஆண் ஒட்டகம் அரை டன் வரை சுமக்கும். அதனால் மரீ பெரிய ஒட்டகச் சந்தியாகவே ஆகிவிட்டது.

இந்த ஒட்டகக்காரர்கள் யார் என்பதுதான் நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. எல்லோரையும் சேர்த்து 'ஆப்கன்' என்று கூப்பிட்டார்கள், கான் என்ற பெயரே அதன் சுருக்கம்தான். ஆனால் அவர்களில் பலூச்சிகள், பஞ்சாபிகள், சிந்திகள், பெஷாவர் பக்கத்துப் பட்டாணியர்கள் எல்லோரும் உண்டு, நிறையப் பேர் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் குடிமக்கள், கராச்சியில் கப்பல் ஏறியவர்கள். ஒட்டகங்களோடு வந்து, ஒட்டகங்களோடேயே பாலைவனத்தில் வாழ்க்கையைக் கழித்தார்கள். 1901-இல் வந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு மனைவி மக்களை அழைத்துவருவதும் நடக்காத காரியமானது. மரீயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் வெள்ளையர்களின் வீடுகள், ஹோட்டல், கடைகள். அந்தப் பக்கம் ஒட்டகக்காரர்களும் பழங்குடியினரும். ஒட்டகக்காரர்களுக்கும் பழங்குடியினருக்கும் நடுவே திருமண உறவும் உண்டானது, அவர்களின் வம்சத்தினர் இன்றும் தெற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். அந்த ஊர் இடுகாட்டில்கூட அவரவருக்குத் தனித்தனி இடம்தான்.

நாங்கள் போனபோது என் மகன் நேராக ஓடியது நிலையத்தில் நிற்கும் பழைய டீசல் இன்ஜின்களைப் பார்க்கத்தான். பெயின்ட் உரிந்து, துருவேறி, வெயிலில் நின்றுகொண்டிருந்தன. எனக்கு மனதில் நின்றது அங்கிருந்து கொஞ்சம் தள்ளி இருந்த மசூதி. மசூதி என்றதும் மினார், குவிமாடம் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர் மாட்டுக்கொட்டகை அளவுதான், மரத்தூண்கள், இடுப்பளவு மண் சுவர், மேலே கூரை வேய்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் முதல் மசூதிகளில் ஒன்று இந்த ஊரில் இருந்தது, இப்போது இருப்பது அதன் மாதிரியாகப் பின்னால் கட்டியது. அவர்கள் நட்ட பேரீச்சை மரங்கள் ஊரில் இன்னும் இருக்கின்றன.

பெஜா தர்வேஷ் என்ற ஒட்டகக்காரர் இந்த ஊரில் வாழ்ந்தவர்தான். பலுசிஸ்தானில் பிறந்து, இந்திய ராணுவத்தில் இருந்துவிட்டு ஆஸ்திரேலியா வந்தவர். 1896-இல் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்துக்குள் போன 'கால்வர்ட்' என்ற ஆய்வுப் பயணத்தில் ஒட்டகங்களைக் கவனித்துக்கொண்டவர் அவர். அந்தப் பயணத்தில் குழுவைச் சேர்ந்த இரண்டு பேர் தாகத்தில் இறந்துபோனார்கள். பெஜா உழைத்த உழைப்பைப் பார்த்துத் தலைவர் லாரன்ஸ் வெல்ஸ் தன் திசைகாட்டியையே அவருக்குக் கொடுத்தார். பிற்காலத்தில் பெஜா மரீயில் பேரீச்சை வளர்த்துக்கொண்டு வாழ்ந்து 1957-இல் காலமானார். அவர் மகன் ஜாக், 1939-இல் மேடிகன் என்ற ஆய்வாளர் சிம்ப்சன் பாலைவனத்தைக் கடந்தபோது ஒட்டகங்களோடு கூடப் போனார். லாரி வந்த பிறகு ஒட்டகத்துக்கு மதிப்பில்லை. உரிமையாளர் இல்லாமல் திரியும் ஒட்டகங்களைச் சுடலாம் என்று 1925-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் சட்டமே வந்தது. கூடவே வாழ்ந்த மிருகத்தைச் சுட மனம் வராமல் பல பேர் பாலைவனத்தில் அவிழ்த்துவிட்டார்கள்.

ரயிலின் கதையும் லேசுப்பட்டதல்ல. முதல் கான் 1929 ஆகஸ்டில் அடிலெய்டிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போனது. வருஷம் முழுக்கக் காய்ந்து கிடக்கும் ஓடைகளில் திடீரென்று வெள்ளம் வந்து பாதையை அரித்துவிடும், அதனால் இன்ஜினுக்குப் பின்னாலேயே சிலிப்பர் கட்டைகளும் கருவிகளும் ஏற்றிய வண்டி ஒன்று போகும், ரயில்காரர்களே இறங்கிச் சரிசெய்துகொண்டு மேலே போக வேண்டும். 1957-இல் லீ க்ரீக் என்ற ஊரின் நிலக்கரிக்காகப் போட்ட 1,435 மி.மீ. அகலப் பாதை மரீ வரை வந்தது, அதற்கு வடக்கே பழைய 1,067 மி.மீ. குறுகிய பாதைதான். பயணிகள் மட்டுமில்லை, மாடுகள், சரக்கு எல்லாமே இங்கே வண்டி மாறியாக வேண்டும். மரீ ஜேஜே என்று இருந்த காலம் அது. 1980-இல் வடக்குப் பாதையை மூடினார்கள், கொஞ்ச வருஷத்தில் தெற்குப் பாதையும் நின்றுவிட்டது.

இந்தப் பாதையில் மரபைக் காப்பாற்ற உழைப்பவர்கள் இல்லாமல் இல்லை. மரீக்குத் தெற்கே குவோர்ன் என்ற ஊரில் தன்னார்வலர்கள் 1973-இலிருந்து ஒரு சங்கம் வைத்து, பழைய பாதையின் ஒரு பகுதியில் நீராவி ரயிலை இன்றும் ஓட்டுகிறார்கள். கோதுமை விளையும் என்று நம்பிக் குடியேறி, மழை பொய்த்துப் பாழான ஃபரீனாவில் குளிர்காலத்தில் தன்னார்வலர்கள் வந்து, தரைக்கடியில் இருக்கும் பழைய அடுப்பிலேயே ரொட்டி சுட்டு விற்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல் மிகுந்த மரியாதை உண்டு. இன்ஜினுக்கும் கட்டிடத்துக்கும் கொடுக்கும் அந்தக் கவனம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வாழ்ந்தவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

அதனால் ஒரு வேண்டுகோள். கானைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது வரைபடத்தில் பழைய பாதையையும் ஒரு கோடு போட்டுக் காட்டுங்கள், அதில் மரீயைக் குறியுங்கள். பெஜா தர்வேஷின் பெயரையும் அச்சில் போடுங்கள்.

இப்படிக்கு,
அடிலெய்டிலிருந்து ஒரு வாசகி