எட்டடிப் பலகை வேண்டாம், இரண்டடி போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கம்புணரி வட்டாரத்தில் கயிற்றுத் தொழில் போக மிஞ்சும் தேங்காய் நார்க்கழிவில் பலகை செய்யலாம் என்பவர்கள், எடுத்த எடுப்பில் எட்டுக்கு நாலடிப் பலகையைத்தான் நினைக்கிறார்கள். அங்கேதான் கணக்கு இடிக்கிறது. சூடாக்கி அழுத்தும் ஹாட் பிரஸ் எந்திரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ அழுத்தம் என்று வைத்தால், அந்தப் பரப்புக்கு ஏறக்குறைய 745 டன் வேண்டும். இரண்டுக்கு இரண்டடிக்கு 93 டன்; 100 டன் பிரஸ் ஒன்றே போதும். ஃபால்ஸ் சீலிங் சட்டத்தில் உட்காரும் அளவும் அதுதான்.

12 மி.மீ. கனத்தில் அப்படி ஒரு பலகை சுமார் 3.1 கிலோ. உலர்ந்த நார்த்துண்டு 2.8 கிலோ, பாதிக்குப் பாதி தண்ணீர் உள்ள யூரியா ஃபார்மால்டிஹைடு பசை 560 கிராம், அது இறுக 3 கிராம் அம்மோனியம் குளோரைடு, ஈரம் குடிக்காமலிருக்கக் கொஞ்சம் மெழுகுக் குழம்பு. 160 டிகிரியில் நாலைந்து நிமிடம்.

கெடுவதெல்லாம் ஈரத்தில்தான். வெயிலில் காய்ந்த நார் கைக்கு மொறுமொறுவென்று இருந்தாலும் உள்ளே 12 சதவீதம் ஈரம் நிற்கும். பசையின் தண்ணீர் 280 கிராமும் சேர்ந்தால் 600 கிராமைத் தாண்டும். அத்தனையும் உள்ளே ஆவியாகி, பிரஸ்ஸைத் திறந்ததும் பலகை 'டப்'பென்று நடுவில் பிளக்கும். 4 சதவீதத்துக்கு உலர்த்தினால் மொத்த நீர் 400 கிராமுக்குள் அடங்கிவிடும். மழையில் நனைந்த குவியலைத் தொடவே வேண்டாம். நார்த்தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு நீர் பிடிக்கும், உலர்த்தும் விறகுச் செலவே போட்ட முதலீட்டைத் தின்றுவிடும். தூளைச் சலித்துக் குறைப்பதும் அவசியம். தூள் கூடினால் பசையை எல்லாம் அதுவே குடித்துவிடும், நாருக்குப் பிடிப்பிருக்காது. வெந்த பலகையைச் சூட்டோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பசை பலமிழக்கும். இடைவெளி விட்டு நிறுத்தி ஆறவைக்க வேண்டும்.

வைக்கோலில் செய்யலாமே என்பார்கள். அதன் மேல்தோல் மெழுகும் சிலிக்காவும். யூரியா பசை சரியாக ஒட்டாது. ஐசோசயனேட் பசை ஒட்டும், பிரஸ் தகட்டிலும் சேர்த்தே ஒட்டிக்கொள்ளும். தவிர, கோடையில் மாட்டுக்கு என்ன போடுவது? உமியின் சிலிக்கா ரம்பப் பல்லைத் தேய்த்துவிடும். அதை அரிசி ஆலை பாய்லரே வாங்கிக்கொள்கிறது.

நாரில் செய்ததாலேயே பலகை பசுமையாகிவிடாது. பசையிலிருந்து கசியும் நச்சு வாயுவான ஃபார்மால்டிஹைடு, 100 கிராம் பலகைக்கு 8 மில்லிகிராமுக்குள் இருந்தால்தான் ஈ1 என்ற குறைந்த கசிவுத் தரம். அதைச் சோதிக்காமல் படுக்கையறைக்கு விற்கக்கூடாது. வீட்டு வளவில் (நடுமுற்றத்தில்) சாரல் அடிக்கும் பக்கமும் இது ஆகாது, ஓரம் ஊதிவிடும். கறையானுக்குப் போராக்ஸ் தனியாகச் சேர்க்க வேண்டும்.

மாவட்டத் தொழில் மையத்தில் மானியம் கேட்பவர்கள் திட்ட அறிக்கையில் பிரஸ்ஸோடு நிறுத்திவிட வேண்டாம். நார்க்கழிவையே எரிக்கும் உலர்த்தி ஒன்றையும் ஈரமானி ஒன்றையும் முதல் பக்கத்திலேயே சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர், காரைக்குடி